நம் கடலிலும் நம் காட்டிலும் நடந்த விஞ்ஞானக் கதைகள்

விஞ்ஞானக் கதை என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது இலண்டன் மாநகரமோ அமெரிக்க விண்கலமோ ஆகும். வீரச் செயலும் விஞ்ஞான விந்தையும் கலந்த பழைய சிறுகதைகள் யாவும் மேலைநாட்டில் பிறந்தவை, மேலைநாட்டைப் பற்றியே பேசுபவை, ஆதலின் தமிழ் வகுப்பில் அவற்றுக்கு இடமில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. இவ்வெண்ணம் பொருந்துவதன்று. அத்தகைய கதைகளுள் சிறந்தவை சில போர்னியோக் காட்டிலும், அந்தமான் சதுப்பிலும், மன்னார் முத்துச் சலாபத்திலும், திருகோணமலைக் கடலடியிலும், வங்கக் கடலின் புயலிலும் நிகழ்கின்றன. ஒன்று சென்னையிலேயே அச்சேறியது. தமிழன் மரக்கலம் ஏறிய கடலும் அவன் உழைத்த மலாய் நாட்டுக் காடுமே இவற்றின் களம். அவற்றை நாம் படிக்க மறந்தோம். சிலவற்றை உலகமே ஒரு காலம் மறந்திருந்து பின்னர்த் தேடி எடுத்தது. ஜார்ஜ் டவுன் முதல் தாசேக் கெலுகோர் வரை தமிழ்ப்பள்ளிகளிற் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் தமிழ் கற்போர்க்கும் பயன்படுமாறு அவற்றுட் சிலவற்றை ஈண்டு எடுத்துக் கூறுவோம்.

முதலில் எச். ஜி. வெல்ஸ். ‘காலப் பொறி’ என்னும் நெடுங்கதையால் 1895-இல் பெரும்புகழ் எய்துவதற்கு முன்னரே, 1894-ஆம் ஆண்டில் வார இதழ்களுக்கு அவர் சின்னஞ்சிறு கதைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று ‘ஆவூ வானாய்வகத்தில்’ என்பது. போர்னியோவில் ஒரு மலைத்தோளில் வானாய்வகம் ஒன்று நிற்கின்றது. காளான் குடை போன்ற கவிமாடம். கீழே, இரவிற் கருமையாய் விரிந்து கிடக்கும் பெருங்காடு. தலைமை ஆய்வாளர் காய்ச்சலால் படுத்திருக்க, உதவியாளர் வுட்ஹவுஸ் தனியே தொலைநோக்கியில் விண்மீன் கூட்டமொன்றை நோக்கிக்கொண்டிருக்கின்றார். திடீரென்று விண்மீன்கள் மறைகின்றன. கவிமாடத்தின் திறந்த பிளவை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டது. அடுத்த நொடியில் அது உள்ளே இருக்கின்றது. பின்னர் நடப்பதெல்லாம் இருளில் நடக்கும் போராட்டம். தோல் போன்ற சிறகு முகத்தில் அறைகின்றது. நகம் மண்டையைக் கிழிக்கின்றது. கணுக்காலைப் பல் கவ்வுகின்றது. கைக்கு அகப்பட்ட நீர்க்குடுவையை உடைத்து அதன் கூர்முனையால் அவர் குத்துகின்றார். வந்தது இன்னதென்று இறுதிவரை எவர்க்கும் புலப்படுவதில்லை.

கதை அவ்வளவே. எனினும் வெல்ஸின் திறம் அதில் முழுதும் விளங்குகின்றது. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள விண்மீனைக் காணும் கருவி, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் விலங்கைக் காட்ட உதவவில்லை. விஞ்ஞானத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒரே அறைக்குள் அடைத்து ஆசிரியர் காட்டிவிடுகின்றார்.

மலாய் நாட்டுத் தமிழர்க்கு இக்கதையில் வேறொரு சுவையும் உண்டு. கதை முடிவில் தலைமை ஆய்வாளர், அப்பகுதித் தாயாக்கு மக்கள் ‘கிளாங் உத்தாங்’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசிக்கொள்வதாகவும், அஃது என்னவோ தமக்குத் தெரியாதென்றும் கூறுகின்றார். இலண்டன் வாசகர்க்கு அது பொருளற்ற ஒலி. நமக்கோ அவ்வாறன்று. மலாய் மொழியில் ‘கெலுவாங்’ என்பது பழந்தின்னும் பெருவௌவால். ‘ஊத்தான்’ என்பது காடு. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரம் இவ்வௌவாலின் பெயராலேயே வழங்குகின்றது. வெல்ஸ் எங்கோ கேட்டோ படித்தோ சிதைத்து எழுதிய சொல் ‘கெலுவாங் ஊத்தான்’, அஃதாவது காட்டு வௌவால், என்பதே எம் ஊகம். அதே இடத்தில் பறக்கும் மற்றொரு விலங்கின் பெயரையும் அவர் வேடிக்கையாகத் திரித்து எழுதுகின்றார். அது மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும் ‘குபோங்’ ஆகலாம். தாசேக் என்றால் ஏரி, கெலுகோர் என்றால் புளிப்புக்காய் மரம் என்று ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய நம் மாணவர், ஆங்கில ஆசிரியர் விடுத்த இப்புதிரை எளிதில் அவிழ்ப்பர். தமிழும் மலாயும் ஒருங்கே அறிந்தவன், அக்கதையை எழுதியவரைக் காட்டிலும் ஒருபடி மேலாக அதனைப் படிக்க இயலும் என்பது சிறு செய்தியன்று.

கதையில் வரும் விலங்கு கற்பனையே. உண்மைக் கெலுவாங், சிறகு விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் உள்ளதாயினும், மனிதனைத் தாக்குவதன்று. பழமும் பூந்தேனுமே அதன் உணவு. வௌவால் இனங்கள் சில டுரியான் மலர்களில் மகரந்தம் பரப்பிக் காய் பிடிக்கச் செய்கின்றன. பாலேக் பூலாவ் டுரியானைச் சுவைப்போர் அவற்றுக்கு நன்றிக்கடன் பட்டவர் எனலாம். ஆனால் அவ்வௌவாலால் இந்நாட்டுக்கு வந்த பெருந்துன்பம் ஒன்று வெல்ஸின் கற்பனையிலும் கொடியது. 1998-ஆம் ஆண்டில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றித் தெற்கே நெகிரி செம்பிலான் வரை பரவிற்று. கொசுவால் வருவது என்று முதலில் எண்ணிக் கொசுமருந்து தெளித்தனர், நோய் நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவ ஆய்வாளர் சுவா காவ் பிங், 1999-இல் அது முன்பு எவரும் அறியாத புதிய நச்சுயிரி என்று கண்டுபிடித்தார். நீப்பா என்று பெயர் பெற்ற அதன் உறைவிடம் பெருவௌவாலே எனப் பின்னர்த் தெளிந்தது. 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இருளில் வந்து தாக்கும் பெயர் தெரியாத ஒன்றை, அறிவொளி கொண்டு தேடிப் பிடித்த இந்நிகழ்ச்சியை ஆவூக் கதையோடு அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தால் மாணவர் உறங்கமாட்டார்.

ஒரு குறையையும் மறைக்காது கூறவேண்டும். தாயாக்கு மக்கள் கதையில் பின்னணிக் குடிசைகளாக மட்டுமே நிற்கின்றனர். ஒருவர்க்கும் பெயரில்லை. விலங்கு இன்னதென்று அறிந்தவர்கள் அவர்களே, அவர்களைக் கேட்பாரில்லை. பேரரசுக் காலத்து எழுத்தாளர் கண்ணில் காடு தெரிந்தது, காட்டை அறிந்த மனிதன் தெரியவில்லை. காட்டை அழித்து இரப்பர் நட்டவர்களின் வழிவந்த நமக்கு இக்குறை எளிதிற் புலப்படும்.

அதே ஆண்டில் வெல்ஸ் எழுதிய மற்றொரு கதை ‘விந்தை ஆர்க்கிட் மலர்ந்தது’ என்பது. வெடர்பர்ன் என்பவர் இலண்டன் ஏலத்தில் அந்தமான் பகுதியிலிருந்து வந்த ஆர்க்கிட் கிழங்குகளை வாங்குகின்றார். அவற்றைத் திரட்டியவன் சதுப்புநிலத்தில் இறந்து கிடந்தான். உடலில் ஒரு துளிக் குருதி இல்லை. அட்டைகள் உறிஞ்சின என்றனர். கண்ணாடி மனையில் வளர்ந்த அச்செடி ஒருநாள் பூக்கின்றது. அதன் மணத்தில் மயங்கி வீழ்ந்த வெடர்பர்னின் கழுத்திலும் கையிலும் செடியின் காற்றுவேர்கள் பற்றிக் குருதி உறிஞ்சுகின்றன. வீட்டை மேற்பார்க்கும் உறவுப் பெண்மணி பூந்தொட்டியால் கண்ணாடியை உடைத்துக் காற்றை உள்ளே விட்டு, வேர்களைப் பிய்த்தெறிந்து அவரைக் காப்பாற்றுகின்றார். வீரச் செயல் புரிபவர் அப்பெண்மணியே; வெடர்பர்ன் பின்னர்த் தாமே வீரம் புரிந்தவர்போற் பேசித் திரிவதை ஆசிரியர் நகைச்சுவையோடு காட்டுகின்றார். இதிலுள்ள விஞ்ஞானக் கரு சிறிதாயினும் மெய்யானது. மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் காற்றுவேரைப் பஞ்சு போன்ற திசு ஒன்று போர்த்தியுள்ளது. மழைநீரையும் பனியீரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். நீரை உறிஞ்சுவது குருதியை உறிஞ்சினால் என்னாகும் என்று வெல்ஸ் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தார். பினாங்கில் வீட்டு வாயிலில் ஆர்க்கிட் தொங்கவிடாத தெரு அரிது. அவ்வேரைக் கிள்ளிக் காட்டிக் கதையைத் தொடங்க எந்த ஆசிரியர்க்கும் தனிக் கருவி வேண்டுவதில்லை.

இனி இந்தியர் எழுதியவற்றைக் காண்போம். ஜகதீச சந்திர போஸை நாம் மரஞ்செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவராகவும், கம்பியில்லாத் தந்திக்கு வழிவகுத்தவருள் ஒருவராகவும் அறிவோம். அவர் கதையும் எழுதினார். 1896-இல் குந்தலீன் என்னும் கூந்தல் தைலத்தை விற்ற வணிகர் ஒருவர் வங்கமொழியில் சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் தைலத்தின் பெயர் எவ்வாறேனும் வருதல் வேண்டும். போஸின் கதை பரிசு பெற்றது. கல்கத்தாவைத் தாக்க வந்த கடும்புயல் திடீரென மறைந்துவிடுகின்றது. வானிலை அறிஞர்கள் திகைக்கின்றனர். ஏடுகளில் விவாதம் நடக்கின்றது. உண்மையை அறிந்தவர் ஒருவரே. நோயால் தலை வழுக்கையாகி, மருத்துவர் சொற்படி இலங்கைக்குக் கப்பலேறிய அவர், நடுக்கடலில் புயலில் அகப்பட்டபோது, மகள் பெட்டியில் வைத்தனுப்பிய தைலப் புட்டியைத் திறந்து கடலில் வீசினார், கடல் அடங்கிற்று. பின்னர் 1921-இல் இக்கதையை விரித்தெழுதி, ‘ஓடிப்போன புயல்’ என்று பொருள்படும் பெயரிட்டுத் தம் ‘அவ்யக்த’ என்னும் நூலில் போஸ் சேர்த்தார்.

விளம்பரத்துக்காக எழுதிய கதை இத்துணை அழகாக அமைந்தது வியப்பே. அதன் சிரிப்புக்கு அடியில் உறுதியான இயற்பியல் கிடக்கின்றது. எண்ணெய் ஊற்றினால் அலை தணியும் என்பது மாலுமிகளின் பழைய அறிவு. பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு கண்ணாடிபோல் அடங்கக் கண்டு, 1774-இல் அதனை வெளியிட்டார். அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டி ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். வகுத்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் இரண்டரைக் கூறே. அஃது ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூற்றின் உயரம். பிராங்கிளின் இக்கணக்கைப் போடவில்லை. போட்டிருந்தால் மூலக்கூற்றின் அளவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அறிந்திருப்பார். படலம் சிற்றலைகளை எழவிடாமல் தடுக்கும். சிற்றலை இல்லாத நீர்ப்பரப்பைக் காற்றுப் பற்றுவது கடினம். புயலையே நிறுத்தும் என்பது மட்டும் போஸின் குறும்பு.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை அக்கப்பல் கடந்த வங்கக் கடலே இக்கதையின் கடலும். வயிற்றைக் குமட்டும் அலையின்மீது தைலப் புட்டியை எறியும் வழுக்கைத்தலையரை அவர்கள் உடனே இனங்கண்டுகொள்வர்.

ரொக்கேயா சக்காவத் உசேன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளிவந்தது. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய இக்கதையை முதலில் அச்சிட்டது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் இதழ். பெண்கள் ஆட்சி செய்யும் ஒரு நாடு. ஆடவர் திரைக்குள் வாழ்கின்றனர். ஒரு பல்கலைக்கழகம் மேகத்தினின்று குழாய் வழியே நீரை இறக்கும் பலூனை அமைக்கின்றது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கின்றது. பகைவர் படையெடுத்து வந்தபோது ஆடவர் போரிட்டுத் தோற்கின்றனர். அதன்பின் தலைமைப் பேராசிரியை ஒருவர் இரண்டாயிரம் மாணவியரோடு போர்க்களம் சென்று, சேமித்த கதிர்வெப்பத்தைப் பகைவர்மீது திருப்புகின்றார். பகைவர் ஓடுகின்றனர். கதிரவன் ஆற்றலால் அடுப்பெரிப்பதும், வானூர்தியில் செல்வதும் இயல்பாக வருகின்றன. ரைட் உடன்பிறந்தார் முதன்முறை பறந்து அப்போது இரண்டாண்டுகளும் நிறையவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இதழ்ப் பக்கங்களில் புதைந்த கதைகள் எவ்வாறு மீள்கின்றன என்பதற்கும் இதுவே சான்று. நெடுங்காலம் வங்க நாட்டுக்கு வெளியே இதனை அறிந்தவர் சிலரே. 1988-இல் நியூயார்க் பெண்ணியப் பதிப்பகம் ஒன்று ரௌஷன் ஜகானைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. 2005-இல் சென்னைத் தாரா பதிப்பகம், கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களோடு அழகிய நூலாக்கியது. நூறாண்டு கழித்துக் கதை சென்னைக்கே திரும்பியது. 2023-இல் ஸ்பெயின் நாட்டில் அசைபடமாயிற்று. 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இத்தனையும், எவரோ ஒருவர் பழைய இதழை எறியாமல் வைத்திருந்தமையால் நிகழ்ந்தவை.

ஜூல்ஸ் வெர்னைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். அவருடையவை நெடுங்கதைகள், இக்கட்டுரை சிறுகதையைப் பற்றியது. எனினும் 1870-இல் நூலாக நிறைவுற்ற அவருடைய கடலடிக் கதையில் மன்னார் வளைகுடாப் பகுதி தனியே எடுத்துப் படிக்கத்தக்கது. கல்லைக் காலிற் பிணைத்து மூழ்கும் முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறா தாக்குகின்றது. கப்பல் தலைவர் நெமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காத்து, முத்துப் பையொன்றையும் அளிக்கின்றார். அடக்கி ஒடுக்கப்பட்ட நாட்டின் மகன் அவன், தாமும் அத்தகையவர் பக்கமே என்கிறார். அடுத்த கதையில் அந்நெமோ திப்பு சுல்தானின் உறவினரான இந்திய அரசகுமாரர் எனத் தெரியவருகின்றது. கொற்கை முத்தைச் சங்க நூல்களிற் கற்பிக்கும் ஆசிரியர் இப்பகுதியை உடன் படித்துக் காட்டலாம். கல் கட்டி மூழ்கும் முறை வெர்னின் கற்பனையன்று. தமிழ்க் கடற்கரை மக்கள் அவ்வாறே மூழ்கினர்.

ஆர்தர் கிளார்க்கின் ‘ஒளிர்வன’ என்று பெயரிடத்தக்க சிறுகதை 1964-இல் வெளிவந்தது. 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர் அவர். இலங்கைக்கு வந்த அவ்வாண்டிலேயே தோழர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்ச்சுகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர். அக்கடலே கதையின் களம். கரையை ஒட்டியே கடலடியில் பெரும்பள்ளம் இறங்குவது திருகோணமலையின் தனித்தன்மை. மேல்நீர் வெப்பமானது; ஆழ்நீர் குளிர்ந்தது; இவ்வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ருஷ்யப் பொறியாளர்கள் கடலடியில் வலையொன்றை விரிக்கின்றனர். வலை சிதைகின்றது. பழுதுபார்க்க இறங்கிய பொறியாளர், தம்மைச் சூழ்ந்து நிற்கும் பெருங்கணவாய்களைக் காண்கின்றார். அவற்றின் உடலில் ஒளிக்கோலங்கள் ஓடுகின்றன. அக்கோலங்களுள் ஒன்று அவர் ஏறி வந்த ஊர்தியின் வடிவம்! அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேச்சின் பொருள் அவரே. முடிவைக் கூறிக் கதையைக் கெடுக்க விரும்பவில்லை.

கதை வெளிவந்த காலத்தில் உயிரோடு ஆழ்கடலிற் பெருங்கணவாயைப் படம்பிடித்தவர் எவரும் இலர். ஜப்பானிய ஆய்வாளர் 2004-இல்தான் முதன்முதலாக அதனை நிழற்படமெடுத்தனர். நாற்பதாண்டு முந்திய கதையை இன்று படிப்பவர்க்கு அது பழமையாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம் போலும்.

தமிழில் என்ன உண்டு என்று வினவுவோர்க்கு விடை கூறவேண்டும். புதுமைப்பித்தன் 1940-களில் எழுதிய ‘கபாடபுரம்’ குமரிக் கடலடியில் மூழ்கிய தமிழ் நகரை நாடிச் செல்வது. அதனை விஞ்ஞானக் கதை என்று கூறத் தயங்குவோரும் உளர். எமக்கு அத்தயக்கம் இல்லை. ஏனெனில் அதன் பின்னணியில் ஒரு விஞ்ஞானக் கருதுகோள் நிற்கின்றது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குச் சுவடுகள் காணப்படுவதை விளக்க, ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் 1864-இல் இடையே நிலப்பகுதியொன்று மூழ்கியிருக்கலாம் என்றார். லெமூர் என்னும் விலங்கின் பெயரால் அதனை லெமூரியா என்றழைத்தார். கண்டங்கள் நகர்வதை அறிவியல் நிறுவியபின் அக்கருதுகோள் கைவிடப்பட்டது. தமிழர் அதனைத் தம் கடல்கோள் மரபோடு இணைத்துப் போற்றினர். கைவிடப்பட்ட கருதுகோள் வரலாற்று நூலுக்கு ஆகாது. கதைக்கு மிகவும் ஆகும். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த ‘கபாடபுரம்’ போன்ற கதை கிடைப்பது அரிது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையையும் புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கினார். இயந்திர நாயையும் கணிப்பொறி ஆட்சியையும் சுஜாதா 1980-களில் வார இதழ் வழியே வீடுதோறும் கொண்டு சேர்த்தார்; ‘என் இனிய இயந்திரா’ படிக்காத அக்காலத் தமிழ் இளைஞர் குறைவு. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுதி, சித்த மருத்துவமும் தமிழ் மெய்ப்பொருளும் கருவாக அமைந்த விஞ்ஞானக் கதைகளைக் கொண்டது. சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர் 2018-இல் தொடங்கிய ‘அரூ’ மின்னிதழ் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்களை எழுதச் செய்தது.

இவற்றை இன்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2003-இல் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009-இல் அரசு அதனைக் கைவிட முடிவுசெய்து படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பியது. 2016-இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளி அதிற் சேரலாமா என்று கடும் விவாதம் எழுந்தது. இருபுறமும் நின்றோர் பாடநூலைப் பற்றியும் தேர்வைப் பற்றியுமே பேசினர். கலைச்சொல் தமிழில் இல்லை என்றனர் ஒரு சாரார். அகராதியைக் காட்டினர் மறுசாரார். அகராதியிலுள்ள சொல் உறங்கும் சொல். மூலக்கூறு, காற்றுவேர், வெப்பநிலை வேறுபாடு, நச்சுயிரி என்னும் சொற்கள் தேர்வுத் தாளில் மட்டுமே வாழுமாயின், தேர்வு முடிந்த மறுநாள் மாணவன் அவற்றைத் துறந்துவிடுவான். கடலடியில் மூச்சு முட்ட நிற்கும் ஒருவன் அச்சொல்லைச் சொல்லிப் பிழைத்தான் என்று படித்த மாணவன் அதனை எளிதில் மறவான். மொழி எதுவாயினும் இதுவே இயல்பு. ஆங்கிலச் சிறுவன் அறிவியற் சொற்களை வகுப்பில் மட்டும் கற்கவில்லை. வெல்ஸிடமும் வெர்னிடமும் கற்றான்.

ஆசிரியர்க்குத் தடையாக நிற்பது உரிமைச் சட்டமோ என்று சிலர் ஐயுறலாம். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டு கழிந்தால் நூல் பொதுவுடைமை. வெல்ஸ் 1946-இலும், போஸ் 1937-இலும், ரொக்கேயா 1932-இலும், வெர்ன் 1905-இலும் மறைந்தனர். அவர்தம் மூலத்தைத் தாராளமாகத் தமிழாக்கலாம், அச்சிட்டும் வழங்கலாம். புதுமைப்பித்தன் படைப்புகள் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. கிளார்க்கும் சுஜாதாவும் 2008-இல் மறைந்தவர்கள். அவர்கள் எழுத்துக்கு இசைவு பெறுதல் வேண்டும்.

தமிழிலேயே மறைந்து கிடப்பவற்றைத் தேடுவோர்க்கும் வழியுண்டு. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவாக்கி எவரும் காணுமாறு வைத்துள்ளது. 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுவிட்டமையால், அதன் பழைய தொகுதிகளைக் கட்டிக்காப்பது இப்போது இன்னும் இன்றியமையாதது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் அன்பர் ஒருவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய இதழ்களைக் கருவாகக் கொண்டு 1994-இல் எழுந்தது. ஞாயிறு இதழ்களின் கதைப் பக்கங்களைப் புரட்டுவோர் கதையின் தலைப்பை மட்டும் நோக்குதல் போதாது. அக்காலத்து ஆசிரியர்கள் விஞ்ஞானக் கதை என்று தனிப்பெயர் இடாமல் மர்மக் கதை, விந்தைக் கதை, துணிகரக் கதை என்னும் பெயர்களாலேயே வெளியிடுவது வழக்கம்.

வகுப்பில் தொடங்க விரும்புவோர்க்கு ஆவூக் கதையே ஏற்றது. மூலம் சிறியது, இரண்டு பாடவேளையில் வாய்மொழியாகச் சொல்லி முடிக்கலாம். கவிமாடம், பிளவு, குவியம் என்னும் சொற்களை முன்னரே கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுக் கதை நடுவே விளக்கத்துக்கு நிற்காமற் செல்லுதல் நன்று. கட்டுரைப் பயிற்சிக்கு, குடிசையில் படுத்திருந்த தாயாக்கு உதவியாளர் ஒருவர் அவ்விரவில் கேட்டதையும் மறுநாட் காலையில் தம் மக்களிடம் கூறியதையும் எழுதச் செய்யலாம். அவர்க்கு ஒரு பெயரை மாணவரே இடட்டும்.